சரிவகம்

மண்டபத்தில், நண்டு அவிக்கும் கொட்டகையில்,
மேசை என்று ஒன்றும் இல்லாததால்
கவிழ்த்த ஐஸ் பெட்டியின் மேல் மடிக்கணினி.
திரையில் ஒரு காலிக் கட்டம்.
கீழே நேரம், பக்கவாட்டில் வேகம்.
கோடு இனிமேல்தான்.

தூக்க வேண்டியது கூடையும் நண்டுமாக நூற்று நாற்பது கிலோ.
ஆவிக் குழியிலிருந்து சதை பிரிக்கும் மாடிக்கு
மூன்று மீட்டர் இருபது.
நைனா முகம்மது அனுப்பிய தாளில்
ஏற நான்கு நொடி, மேலே நிற்க நான்கு,
இறங்க நான்கு, கீழே நிற்க நான்கு.
நான்கில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அரை நொடியில் வேகமெடு,
மூன்று நொடி அப்படியே போ,
அரை நொடியில் நில் என்று நிரப்பினேன்.
கோடு ஏறி, நடந்து, இறங்கியது.
ஒன்பதாம் வகுப்புச் சரிவகம்.
உச்சிப்புளிப் பள்ளியில் அதன் பரப்பளவுக்கு
ஐந்து மார்க் தந்தார்கள்.
அந்தப் பரப்பளவுதான்
ஒரு கூடை ஏறுகிற தூரம் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

ஓடவிட்டேன்.
மோட்டார் சுமை நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்.
சிவப்பு.
அதற்கும் கீழே, கண் போகாத மூலையில்
'ஜெர்க் வரம்பு' என்று ஒரு பெட்டி.
எதிரே தானாகவே விழுந்திருந்த விடை:
'இல்லை.'

ஜெர்க்குக்கு வரம்பு இல்லையென்றால் என்னவென்று
களஞ்சியத்தின் வலது காலில் பார்க்கலாம்.
பழைய தூக்கி மேலே போய் வெடுக்கென்று நிற்கும்.
கூடை ஆடும்.
அடித்தட்டில் தேங்கிய கொதிநீர்
நிற்கச் சொன்னது காதில் விழாமல்
விளிம்பு தாண்டும்.
கணுக்காலுக்கு மேலே, நாலணா அகலத்தில்,
மூன்று தழும்பு.

மேலே நிற்பது நான்கு நொடிதானா என்று
கைபேசியில் எண்ணினேன்.
கூடை வருகிறது. ஆவி முகத்தில் அடிக்கிறது.
திரும்பிக்கொள்கிறாள்.
கச்சான் வந்து கலைக்கிற வரை
கொக்கி தெரிவதில்லை.
கழற்றி, சரித்து, தட்டி,
ஒட்டிக்கொண்ட நண்டுக்காலைப் பிடுங்கி எறிந்து
மறுபடி மாட்டுகிறாள்.
பதினொன்று.
அடுத்த கூடையும் பதினொன்று.
அதற்கடுத்தது பத்தரை; காற்று பலம்.

"என்ன சார், என்னய எண்ணுறீகளா?"
தூக்கியத்தான் என்றேன்.
பாதி பொய்.

பதினொன்று என்று எழுதினால்
அது எங்கே போய்
அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளுமோ.
நான்கு என்றே விட்டால்
மோட்டார் ஒரு மாதத்தில் கருகும்.
கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
பதினொன்று போட்டேன், மேலேயும் கீழேயும்.
நிற்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளும்,
மோட்டாருக்குச் சும்மா இருக்கிற வேலை,
சுருள் ஆறும்.
வேகமெடுக்க ஒன்றரை நொடி, நிற்கவும் அதே.
ஜெர்க்குக்கு ஒரு எண்.
சரிவகத்தின் கூர்முனைகள்
ஈர மணலில் அலை ஏறி மடங்குகிற மாதிரி வளைந்தன.
எண்பத்தெட்டு சதவீதம்.
பெரிய மோட்டார் வேண்டாம்.
களஞ்சியம் முகத்தைத் திருப்பி நிற்கும் அந்த நேரத்தில்தான்
சின்ன மோட்டார் பிழைத்துக்கொள்கிறது.

போனில் நைனா:
"மணிக்கு எத்தன கூட?"
"நூத்தி ஒம்பது."
"முன்னாடி?"
"உங்க தாள்ல இருநூத்தி இருவத்தஞ்சு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசியது.
"ஒரு நாளைக்கே நமக்கு அறுவது கூடதான வருது"
என்றார். எனக்கில்லை, தனக்கே.

ஓட்டிப் பார்த்த அன்று
மாடியிலிருந்து இறங்கி வந்து
ஒரு தம்ளர் தேநீரை, விளிம்பு வரை,
காலிக் கூடையில் வைத்தாள் களஞ்சியம்.
யாரும் வைக்கச் சொல்லவில்லை.
ஐந்தரை நொடி.
மேலே போய் நின்றபோது
தேநீர்மேல் படிந்த ஆடைகூடக் கசங்கவில்லை.

இறங்கும்போது சிந்தியது.

இறக்கத்துக்கான பெட்டியில்
'இல்லை' என்றே விட்டிருக்கிறேன்.

முந்தானையால் கூடையைத் துடைத்துவிட்டு
தம்ளரை மறுபடி நிரப்பப் போனாள்.
நான் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தேன்.